மார்கழி வெளிச்சத்தைப் படம் பிடிப்பது எப்படி? சென்னைக் குளிர்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், உச்சிப்பொழுதில் மொட்டைமாடிக்குப் போய் உங்கள் நிழலைப் பாருங்கள். ஐந்தரை அடி உயர ஆளுக்கு நாலடி நிழல் விழும். அதே மாடியில் ஏப்ரல் கடைசியில் அதே நேரத்துக்கு நின்றால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சென்னைக் குளிர்காலம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நாலடி நிழல்தான்.

இங்கே பனிக்கட்டி விழாது. மரங்கள் மொத்தமாக மொட்டையாகாது. ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே காதுக்கு மப்ளர் தேடுகிற ஊர் இது. அதனால் குளிர்காலத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டிக்கெட் போடுகிறார்கள். ஆனால் டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் நடுப்பகல் சூரியனே ஏறக்குறைய 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. அதுவும் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. வெயில் காலத்தில் உச்சந்தலையிலிருந்து கொட்டுகிற வெளிச்சம் இந்த இரண்டு மாதமும் பக்கத்திலிருந்து வருகிறது. சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு, கோலப்பொடியின் மேடு, வயதானவர் கையில் ஓடும் நரம்பு எல்லாம் கண்ணுக்குத் தெரிய இந்தச் சாய்வு வேண்டும். மழை ஓய்ந்து, கத்திரி வெயில் வருவதற்கு வெகு முன்னால், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஊர் இப்படிக் கிடைக்கிறது. அந்த ஆறு வாரத்தில் என்ன செய்யலாம் என்று, இப்போதுதான் படம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் செல்போன் போதும். கேமரா இருந்தால் நல்லது, இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

முந்தின ராத்திரி செய்ய வேண்டியவை

போன் லென்ஸைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து வையுங்கள். நாள் முழுக்கச் சட்டைப்பையில் கிடந்த லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். விடியற்காலையில் தெருவிளக்கைப் படம் எடுத்தால் விளக்கைச் சுற்றிப் பூசணம் பூத்த மாதிரி தெரிவது அதனால்தான். போனில் இடம் இருக்கிறதா பாருங்கள். கேமரா அமைப்புகளுக்குள் போய்க் கட்டக்கோடுகளை, அதாவது கிரிட் என்பதை, இயக்கி வையுங்கள்.

ஏசி அறையில் தூங்குகிறவர்கள் போனையோ கேமராவையோ ராத்திரியே ஹாலில் வைத்துவிடுங்கள். நம் ஊரில் மார்கழியிலும் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்றைத் தொட்டதும் ஆவி படியும். ஒரு வருஷம் ஏசி அறையிலிருந்து நேராகத் தெருவுக்கு ஓடினேன். முதல் பத்து நிமிடப் படங்களும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போயின. துடைத்தால் மறுபடி படிகிறது. அதற்குள் பஜனைக் கோஷ்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. லென்ஸ் தானாகத் தெளிய இருபது, முப்பது நிமிடம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

சென்னையில் டிசம்பர் 15 வாக்கில் சூரியன் சுமார் 6.20க்கு உதிக்கிறது. ஜனவரி முதல் தேதி சுமார் 6.30 ஆகிறது. பகல் நீளத் தொடங்கிய பிறகும் விடியல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஜனவரி கடைசி வாரத்தில்தான் 6.35ஐ ஒட்டி நின்று திரும்புகிறது. சீக்கிரம் எழுந்திருப்பது கஷ்டம் என்கிறவர்களுக்கு வருஷத்திலேயே இதுதான் தோதான காலம். ஜூனில் 5.45க்கெல்லாம் வெயில் வந்துவிடும்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும். உதயத்துக்கு முன்னால் வானம் நீலமாக இருக்கும் நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். உதித்த பிறகு மஞ்சள் கலந்த இளவெயில் முக்கால் மணி நேரம். ஆகவே 5.45க்கு வீட்டை விட்டு இறங்குங்கள், ஆறு மணிக்கு நீங்கள் நினைத்த இடத்தில் நில்லுங்கள், 7.15க்குத் திரும்புங்கள். ஆபீஸ் போகிறவர்களுக்கும் இது முடியும்.

அந்த நீல நேரத்தில் போன் ஒரு காரியம் செய்யும். நீலத்தைத் தவறு என்று நினைத்துத் திருத்தி, படத்தைச் சாம்பலாக்கிவிடும். போனில் புரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தானியங்கியிலிருந்து மாற்றி 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்துங்கள். அப்புறம் பாருங்கள்: தெரு நீலமாக இருக்கும், வாசல் விளக்கு மட்டும் மஞ்சளாக எரியும். குளிர் என்பதை ஒரே படத்தில் சொல்ல எனக்குத் தெரிந்த சுலபமான வழி இந்த இரண்டு நிறமும் சேர்ந்து வருவதுதான். இந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 800, 1600 வரை போகும். கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை. கையைச் சுவரிலோ ஸ்கூட்டர் சீட்டிலோ ஊன்றிக்கொண்டு எடுங்கள்.

முதல் வாரம் உங்கள் தெருவே போதும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே மெரினாவுக்குப் போகிறார்கள். போக வேண்டாம் என்பேன். முதல் ஏழு நாளும் உங்கள் தெருவிலேயே நடங்கள், ஒரே 300 மீட்டர், திரும்பத் திரும்ப. எந்த வீட்டுச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்த மரத்தின் நிழல் எந்தக் கதவில் ஏறுகிறது என்பது மூன்றாம் நாளிலிருந்து மனப்பாடம் ஆகிவிடும். அதன் பிறகு நீங்கள் வெளிச்சத்தைத் தேடி அலைய வேண்டாம், அது வரும் இடத்தில் போய்க் காத்திருக்கலாம்.

உங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். சூரியன் தெற்கே இருப்பதால் தெற்குப் பார்த்த வீடுகள் பகல் முழுக்க வெயில் வாங்கும். எதிர் வரிசை நிழலில் இருக்கும். நிழலில் நின்றுகொண்டு வெயில் பக்கத்தைப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழல், கொடியில் காயும் சேலை, சுவரில் சாய்ந்து பேப்பர் படிக்கும் தாத்தா. மே மாதத்தில் அந்தச் சுவரோரம் ஒருவரும் உட்கார மாட்டார். வெயிலுக்கு ஒதுங்குகிற ஊரில் வெயில் காய ஆள் உட்காருகிற காலம் இது. இதை எடுக்காமல் வேறு எதை எடுப்பது?

தரையையும் பாருங்கள். மரமல்லி பூத்திருக்கும் தெருக்களில் விடியும் முன்பே நீளக் காம்புள்ள வெள்ளைப் பூக்கள் தார்ச்சாலையை மூடியிருக்கும், முதல் தண்ணீர் லாரி நசுக்கும் வரை. ஜனவரியில் வாதாம் மரம் இலை உதிர்க்கும். உதிரும் முன் அந்தப் பெரிய இலைகள் செம்பு நிறத்துக்கும் அப்புறம் ரத்தச் சிவப்புக்கும் மாறும். சென்னைக்கென்று ஓர் இலையுதிர் நிறம் இருக்கிறது என்றால் அது வாதாம்தான். கீழே கிடக்கும் இலையை எடுத்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நிழல் பக்கத்திலிருந்து எடுங்கள். நரம்பு நரம்பாகச் சிவப்பு எரியும்.

கோலம்

மார்கழியில் ஊரே உங்களுக்காக வாசலில் வரைந்து வைக்கிறது. எளிதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான கோலப் படங்கள் நன்றாக வருவதில்லை. காரணங்கள் மூன்று, நான்கு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் பாதி வந்துவிடும்.

முதலில் பொடி வெளுத்துப் போவது. தண்ணீர் தெளித்த வாசல் கிட்டத்தட்டக் கறுப்பு. போன் அந்தக் கறுப்பைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று முழுப் படத்தையும் வெளிச்சமாக்கும். கறுப்பு சாம்பலாகும், வெள்ளைக் கோடு தடித்து, எரிந்து, இழைக்கும் இழைக்கும் இடைவெளியே இல்லாமல் போகும். திரையில் கோலத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பூட்டு மாதிரி ஒரு குறி வரும். பக்கத்தில் சூரியப் படம் போட்ட ஸ்லைடரைக் கீழே இழுங்கள். எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, மைனஸ் 0.3 முதல் 0.7 வரை போதும். கோடு மெலிந்து, பொடியின் மணல்மணலான தன்மை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

இரண்டாவது, கோணல். புள்ளிக் கோலத்தை மேலிருந்து எடுப்பதென்றால் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். 15 புள்ளி வைத்து, இடைப்புள்ளியில் 8 வரை குறைத்துக் கொண்டுவந்த ஒரு பெண்ணின் கணக்கு, நீங்கள் போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கலைந்துவிடும். கிரிட் இயக்கத்தில் இருந்தால் சில போன்களில் கீழே பார்த்துப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்போது எடுங்கள். பெரிய கோலமென்றால் அனுமதி கேட்டு எதிர்வீட்டு முதல் மாடிக்குப் போவது நல்லது.

மூன்றாவது, நம் நிழல். வெயில் வந்த பிறகு, ஏழரை மணிக்குக்கூட உங்கள் நிழல் உங்களைப் போல நான்கு, ஐந்து மடங்கு நீளம் இருக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் அது நேராகக் கோலத்தின் மேல் போய்ப் படுக்கும். ஆகவே சூரியன் உங்களுக்கு எதிரிலோ பக்கத்திலோ இருக்கும்படி மாறி நில்லுங்கள். அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து, போனைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எதிர்வெயிலில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு சின்ன நிழல் கிடைக்கும். மொக்கு மாவில் போட்ட கோடு ஒரு வரப்பு மாதிரி எழுந்து நிற்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள். நடுவில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ இருந்தால் அதில் ஃபோகஸ் வைத்துக் கோலத்தை மங்க விடுங்கள். பூசணிப்பூ மதியத்துக்குள் வாடிச் சுருங்கிவிடும். எட்டு மணிக்கு மேல் பூவை நம்ப வேண்டாம்.

நான்காவதுதான் முக்கியமானது. விடியற்காலையில் வாசலுக்கு வரும் பெண்கள் வீட்டு உடையில், தலை வாராமல், தூக்கம் கலையாமல் வருகிறார்கள். அது அவர்கள் வாசல், அவர்கள் நேரம். தெருமுனையிலிருந்து ஜூம் போட்டு எடுப்பது தவறு. எவ்வளவு அழகான படம் கிடைத்தாலும் தவறுதான். பக்கத்தில் போய், சற்றுத் தள்ளி நின்று, "அம்மா, கோலத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். கோலம் போடும் கையை எடுக்க ஆசை என்றால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார், எழுபது வயது தாண்டியவர். இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே பத்து நிமிடத்தில் சிக்குக் கோலம் போட்டு முடிப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசையும். பொடி நூல் மாதிரி இறங்கும், வளைவில்கூட தடிக்காது. நான் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எடுத்தா எனக்குக் காட்டணும்." முதல் நாள் ஷட்டரை 1/60 நொடி வேகத்தில் வைத்து எடுத்தேன், விரல்கள் கலங்கி வந்தன. மறுநாள் 1/125க்கு ஏற்றினேன். விரல் தெளிந்து, விழுந்துகொண்டிருக்கும் பொடி மட்டும் புகைக்கோடாக வந்தது. அசையும் கைக்கு அந்த 1/125ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் கோலப்போட்டிக்கும் ஒரு முறை போய் வாருங்கள். அங்கே எல்லாரும் படம் எடுப்பதால் கூச்சம் விட்டுப்போகும். ஆனால் நல்ல படங்கள் உங்கள் தெருவில்தான் கிடைக்கும்.

டீக்கடை ஆவி

ஐந்து மணிக்குத் திறக்கும் டீக்கடைதான் குளிர்காலப் புகைப்படக்காரரின் பள்ளிக்கூடம். காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது பாய்லர் ஆவி சட்டென்று கலையாமல் திரண்டு நிற்கும். ஆனால் முன்பக்க வெளிச்சத்தில் ஆவி தெரியாது. விளக்கு ஆவிக்குப் பின்னால் இருக்க வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். பல்பு மாஸ்டரின் தலைக்குப் பின்னாலோ பாய்லர் விளிம்புக்குப் பின்னாலோ மறையும்படி இரண்டடி இடம் வலம் நகர்ந்து பாருங்கள். பல்பு மறைந்த நொடியில் ஆவி முழுவதும் பொன்னிறமாகப் பற்றிக்கொள்ளும். எக்ஸ்போஷரை மைனஸ் 1 வரை இறக்குங்கள்.

டீ ஆற்றும்போது 1/60 வேகத்தில் ஒழுக்கு ஒரு பட்டு நாடா போல வரும். 1/500 வைத்தால் துளித்துளியாக உடைந்து நிற்கும். எது பிடிக்கிறதோ வையுங்கள். எனக்கு நாடாதான் பிடிக்கும், கையின் வேகம் அதில் இருக்கிறது. முதலில் டீ வாங்கிக் குடியுங்கள். "அண்ணே, ஆத்தும்போது ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் கவுன்ட்டரை மறிக்காதீர்கள்.

மூடுபனி

சென்னையில் மூடுபனி வருஷத்துக்குச் சில நாள்தான். அந்தச் சில நாளை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். ஒன்றிரண்டு நாள் முன்பு மழை பெய்து தரை ஈரமாக இருக்க வேண்டும். ராத்திரி வானம் மேகமில்லாமல், நட்சத்திரம் தெரிய இருக்க வேண்டும். காற்று அசையக் கூடாது. அப்படிப்பட்ட ராத்திரியில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடும்; தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளியாகத் தொங்கும். கடற்கரைப் பக்கமும் கான்கிரீட் நெருங்கிய நடு ஊரும் சூட்டைப் பிடித்துவைப்பதால் அங்கே குறைவு. செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஏரிக்கரைகளில் வாய்ப்பு அதிகம். எட்டு மணிக்குள் கலைந்துவிடும்.

கோலத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிராக இங்கே செய்ய வேண்டும். எங்கும் வெள்ளை என்பதால் போன் படத்தை இருட்டாக்கும். மூடுபனி அழுக்குச் சாம்பலாக வரும். ஸ்லைடரை மேலே தள்ளி பிளஸ் 0.7 முதல் 1 வரை வையுங்கள். பக்கத்தில் கருமையான ஒரு பொருள் வேண்டும்: பனைமரம், மின்கம்பம், நிறுத்திவைத்த மீன்பாடி வண்டி. அது இல்லாவிட்டால் மூடுபனி வெறும் வெள்ளைத் தாள். அதற்குப் பின்னால் கொஞ்சம் மங்கியது, அதற்கும் பின்னால் இன்னும் மங்கியது என்று மூன்று அடுக்கு கிடைத்தால் படம் அமைந்துவிடும். சாலை நடுவே நின்று எடுக்காதீர்கள். நமக்குத் தெரியாத அளவுக்கு ஓட்டுநருக்கும் தெரியாது.

போகியன்று விடியலில் எழும் புகைமூட்டத்தை மூடுபனி என்று நினைத்து ஓடாதீர்கள். தரையோரக் குளிர்காற்றுக்கு மேலே இருக்கும் சூடான காற்று ஒரு மூடி போல நிற்க, எரித்த பழைய பொருட்களின் புகை மேலே போக முடியாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது. 2018 ஜனவரி 13 காலையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போன அளவுக்கு அடர்ந்தது. படம் பிரமாதமாகத் தெரியும், நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். எனக்கு அந்த நாளில் பிடித்தது போகி மேளம்: தெருப் பிள்ளைகள் சின்ன மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கும் முகங்கள். அதை முந்தின நாள் சாயங்கால வெயிலிலேயே எடுத்துவிடலாம், பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுவிட்டு.

தெருவை முடித்த பிறகு

இரண்டாவது வாரத்திலிருந்து வெளியே போகலாம். நான் நாலைந்து இடங்களைத்தான் சொல்வேன்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். பாறையை நகர்த்தும் அந்த நான்கு உடல்களின் வெளிவடிவம் அத்தனை தெளிவானது. முகம் தெரியாமல் கறுத்து நின்றாலும் முதுகு உழைப்பதைச் சொல்லும். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. போன் திசைகாட்டியில் கிழக்கைப் பார்த்துக் கையை நீட்டி, விரல்களை அகல விரியுங்கள். சுண்டுவிரல் நுனியை நேர் கிழக்கில் வைத்தால் கட்டைவிரல் நுனி வலப்பக்கம் சுமார் 20 டிகிரியில் இருக்கும் (இடது கையைப் புறங்கை மேலே இருக்க நீட்டுங்கள்). அதற்குச் சற்றுத் தாண்டி சூரியன் வரும். ஆகவே சிலைக்கு நேர் பின்னால் சூரியன் வேண்டுமென்றால் நீங்கள் சிலைக்கு மேற்கே, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்க வேண்டும். வானத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, மைனஸ் 1 அல்லது 2க்கு இறக்குங்கள்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு குளத்தில் தண்ணீர் இருக்கும், விடியலில் காற்று அசையாது. குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால், ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் காலையில் கோபுரங்கள் நிழலுருவாகத் தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் சுதைச் சிற்பங்களின் நிறம் முழுதாக எரியும். ஒரே நாளில் இரண்டு முறை போய், ஒரே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. மாடவீதிகளில் காலை பஜனை வரும். பாபநாசம் சிவன் முன்னின்று பாடிப்போன வழக்கம் அது. பாடுகிறவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து வழியை அடைக்காமல், ஓரமாக நின்று அவர்கள் கடந்துபோக விடுங்கள். கோயிலுக்குள் போனை எடுக்க வேண்டாம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை வேண்டும் என்று உயர்நீதிமன்றமே 2022 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி இதே குளத்தில் மூன்று இரவு தெப்பம் உண்டு. அன்றைக்கு ட்ரைபாட் வைக்க இடம் கிடைக்காது, கைப்பிடிச் சுவர்தான் ட்ரைபாட்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரை, ஊசிவால் வாத்து, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று தண்ணீர் நிறைந்திருக்கும். பறவை பறப்பதை உறைய வைக்க 1/1600க்கு மேல் வேகமும் நீண்ட லென்ஸும் வேண்டும். போனில் ஜூம் போட்டால் பறவை எண்ணெய்ச் சித்திரம் மாதிரி குழைந்துவிடும். போன்காரர்கள் பறவையைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அகலமாக எடுங்கள்: முன்னால் கோரை, நடுவே வெள்ளைப் புள்ளிகளாகப் பறவைகள், பின்னால் அடுக்குமாடிகள், ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. அந்த ஈரநிலம் எந்த நெருக்கடியில் உயிரோடு இருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டும். தனிப் பூநாரை காட்டாது.

பொங்கலுக்கு முந்தின மூன்று நாள் கோயம்பேடு சந்தை. கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து, தோகை, லாரி விளக்கு. பாரம் தூக்குகிறவர் வழியில் நிற்காதீர்கள்.

ஜனவரியிலிருந்து கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். ராத்திரியில் ஒன்றைப் பார்த்தால் ஃபிளாஷ் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். படமே வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகும், சபா வாசலிலும்

பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை மற்ற மாதங்களில் கேமராவை மூடிவைக்கச் சொல்வார்கள். மார்கழியில் அப்படியே விட வேண்டியதில்லை: படிக்கட்டு, வராந்தா, கம்பிக்கதவு ஆகியவற்றின் நிழல்களை எடுக்கலாம். ஆள் முகத்தை மட்டும் நிழலுக்குள் கூட்டி வந்து எடுங்கள். சங்கீத சபாக்களில் கச்சேரி நடக்கும்போது போனைத் தூக்காதீர்கள். பாடுகிறவருக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் இடைஞ்சல். வெளியே கேன்டீனில் காபி ஆவியும் பட்டுப்புடவையும் தாளம் போடும் விரல்களும் கிடைக்கும்.

எடுத்த பிறகு

அன்றைக்கே அழிக்காதீர்கள். அந்தந்த நாள் உற்சாகத்திலோ சோர்விலோ எதையாவது தவறாக எறிந்துவிடுவோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் என்று தேர்ந்தெடுங்கள். மார்கழி முடியும்போது முப்பதுக்குள் இருக்கும். திருத்தம் என்றால் மூன்று போதும்: சாய்ந்த கோட்டை நிமிர்த்துவது, ஓரத்துக் குப்பையை வெட்டுவது, எரிந்த வெள்ளையைக் கொஞ்சம் அடக்குவது. நிறத்தை ஏற்றாதீர்கள். இந்தக் காலத்து நிறங்கள் மெல்லியவை. ஏற்றினால் மார்கழி மே மாதமாகிவிடும்.

அப்புறம் நாலைந்து படங்களையாவது பிரிண்ட் போடுங்கள். பக்கத்து ஸ்டூடியோவில் போஸ்ட்கார்டு அளவில் போட்டால் பெரிய செலவில்லை. யாரிடம் கேட்டு எடுத்தீர்களோ அவர்களிடம் பொங்கலுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். தை பிறந்து கொஞ்ச நாளில் பெரிய கோலங்கள் நின்று வாசல்கள் பழைய நாலு இழைக்குத் திரும்பிவிடும்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படம். கண்ணாடியை உள்ளேயிருந்து எடுத்து வந்து போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷமும் குனிந்தே போட்டவர், தன் கோலத்தை ஒரு தடவைகூட மேலிருந்து பார்த்ததில்லை. பிறகு வலது மூலையில் விரல் வைத்து, "இங்க ஒரு புள்ளிய விட்டிருக்கேன் பாரு" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே கோலத்தை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.